ஏலக்காய் போட்ட சந்தனம்

ஒரு டீயின் விலை 190 டாலர் என்றால் குடிப்பீர்களா? குடிக்க வேண்டாம், சட்டையில் அடித்துக்கொள்ளுங்கள் என்கிறது பிராடா. இத்தாலியில் மிலான் நகரத்துக் கம்பெனி. கைப்பை, கண்ணாடி, செருப்பு எல்லாம் யானை விலைக்கு விற்கிறவர்கள். 2025 கடைசியில் அவர்கள் விட்ட சென்ட்டுக்குப் பெயர் 'இன்ஃப்யூஷன் தெ சந்தால் சாய்'. சந்தனம் ப்ளஸ் டீ. நம்ம காசுக்கு 17,000 ரூபாய் சொச்சம். கடையம் பஸ் ஸ்டாண்டில் டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்து நூறு டீ. தினம் மூன்று குடித்தாலும் ஒரு வருஷம் ஓடும்.

செய்தி வந்ததும் நம் ஆட்கள் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். அடுத்து என்ன, சாம்பார் சென்ட்டா, வடகறி பாடி ஸ்ப்ரேயா என்று ஒரே கிண்டல். கொஞ்சம் கோபமும் இருந்தது. அதே வருஷம் ஜூனில் மிலான் ஃபேஷன் ஷோவில் கோலாப்பூர் செருப்பை, கோலாப்பூர் என்ற பெயரைச் சொல்லாமல் மேடையேற்றி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இவர்கள்தான். பிறகு, ஆமாம், இந்தியச் செருப்பைப் பார்த்துத்தான் செய்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதெல்லாம் சரி. பாட்டிலுக்குள் இருப்பது நன்றாக இருக்கிறதா, இல்லையா? அதை ஒருத்தரும் சொல்லக் காணோம். சினிமாவுக்கு முதல் ஷோ முடிவதற்குள் விமர்சனம் வந்துவிடுகிறது. ரோட்டுக்கடை பரோட்டாவுக்கு நட்சத்திரம் போட ஆள் இருக்கிறது. மூக்குக்கு மட்டும் விமர்சகர் கிடையாது. விளம்பரத்தில் ஒரு நடிகர் பாலைவனத்தில் நடப்பார், அதைப் பார்த்து வாங்கிவிட வேண்டியதுதான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன் தை மாசக் கல்யாணத்துக்கு வந்தபோது பாட்டிலைக் கொண்டுவந்திருந்தான். கல்யாணம் கடையத்தில். 'ரெண்டு அடி அடிச்சுக்கோங்க மாமா' என்றான். அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன்.

கடையம் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குப் பாரதி ஞாபகம் வரும். செல்லம்மா ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்தவர், 1920 வரை இங்கேதான் இருந்தார். எனக்குக் கடையம் என்றால் முதலில் மூக்குதான் விழித்துக்கொள்ளும். தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், மலையடிவாரம். மேற்கே பொதிகை. பொதிகை என்றால் சந்தனம், சந்தனம் என்றால் தென்றல் என்று நம் புலவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் எழுதியாகிவிட்டது. குற்றாலத்துச் சாரல் அடிக்கும் ஆனி ஆடியில் மண் மணம். வருஷம் பூரா எலுமிச்சை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்காரர்கள் விட்ட பி.கே.எம்.1 எலுமிச்சை, கடையம் ரகத்திலிருந்து பொறுக்கி எடுத்ததுதான். பூவுக்குப் பக்கத்திலேயே சங்கரன்கோவில் மார்க்கெட். சந்தனம், டீ, எலுமிச்சை, மல்லிகை நாலையும் விற்கிற ஒரு சென்ட் கம்பெனி பரீட்சைக்கு வர இதைவிட நல்ல ஊர் கிடையாது.

பாட்டில் திறந்ததும் முதலில் வருவது எலுமிச்சை வகையறாவில் ஒரு சுறுசுறுப்பு. கூடவே ஏலக்காய். இது எந்த சென்ட்டிலும் நடப்பதுதான். லேசான மூலக்கூறுகள் முதலில் பறக்கும், நடுத்தரம் அடுத்து, கனமானவை கடைசியில். சங்கீதக்காரர்கள் மாதிரி இதற்கு மேல் ஸ்தாயி, நடு, கீழ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் பத்து நிமிஷத்தை நம்பி சென்ட் வாங்குவது, டைட்டில் கார்டு பார்த்துவிட்டு படம் பிரமாதம் என்று சொல்வது போல. கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் அதிகச் செலவு செய்கிறார்கள்.

கால் மணி கழித்துப் பால் வருகிறது. கொதித்து ஆடை படிந்த பால், இனிப்பு, ஏலக்காய் இன்னும் கொஞ்சம். பூக்கடையில் மாலை வாங்க நின்றேன். கடைக்காரம்மா தலையை நிமிர்த்தி, 'என்ன அண்ணாச்சி, பந்தியிலருந்தா வாரிய? பாயச மணம்லா அடிக்கி' என்றார்.

அந்த ஒரு வரியில் பிராடா விமர்சனம் முடிந்துவிட்டது. ஆனால் காரணம் சொல்ல வேண்டாமா?

முதல் காரணம் டீ. பாட்டிலில் டீ இல்லை. டீ என்பது என்ன? பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்ந்தால் அது பாயசம், அந்த அம்மா சொன்ன மாதிரி. டீயை டீ ஆக்குவது துவர்ப்பு. கடையம் டீக்கடையில் காலை அஞ்சு மணிக்குப் போய் நின்று பாருங்கள். பாய்லர் ஆவி, துணி வடிகட்டியில் நாலாவது தடவை வெந்நீர் ஏறின தூளின் கசப்பு, அடிப்பிடித்த பாலின் லேசான கருகல், மரப் பெஞ்சின் ஈரம். இது எல்லாம் சேர்ந்ததுதான் டீ வாசம். பிராடா இதிலிருந்து சங்கடம் தரும் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டு, குழந்தைக்குக் கொடுக்கிற பாலை மட்டும் வைத்திருக்கிறது. அமெரிக்கக் காபிக் கடைகளில் 'சாய் லாத்தே' என்று ஒன்று விற்கிறார்களே, அதைக் குடித்துவிட்டு இந்தியா என்று நினைத்துக்கொண்டவர் செய்தது போல இருக்கிறது.

டீயை சென்ட்டில் கொண்டுவர முடியாதா என்றால், முடியும். 1992-ல் செய்து காட்டினார் ஜான் க்ளோத் எலனா என்கிற பிரெஞ்சுக்காரர். புல்கரி நகைக்கடைக்காரர்களுக்காக. பெயர் 'ஓ பர்ஃப்யூமே ஓ தே வேர்'. பச்சைத் தேயிலை என்று அர்த்தம். இதில் வேடிக்கை, டீ ஒரு சொட்டு கிடையாது. ஹெடியோன் என்று மல்லிகை வாடை உள்ள ஒரு ரசாயனம், அயனோன் என்று வயலட் பூ வாடை உள்ள இன்னொன்று. இரண்டையும் சேர்த்து மூக்குக்கு 'டீ' என்று ஒரு பொய்யைச் சொன்னார். மூக்கு நம்பிவிட்டது! கோடு ரெண்டு இழுத்து மூக்கும் முழியுமாகக் காந்தியை வரைகிற கார்ட்டூனிஸ்ட் வேலை இது. அதை முகர்ந்தால் நாக்கின் ஓரம் லேசாகத் துவர்க்கும். அதற்குப் பிறகு வந்த பாதி ஓட்டல் சோப்பும் ஷாம்புவும் அந்த வாசனையைக் காப்பி அடித்ததுதான். பால் ஊற்றாமல் டீயைக் காட்டியவரையும், பாலை மட்டும் ஊற்றி டீ என்று லேபிள் ஒட்டியவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும்.

(சாய் என்று இந்தி வார்த்தை போட்டதற்காக யாரும் கொடி பிடிக்க வேண்டாம். பிரெஞ்சு சென்ட் உலகத்தில் தமிழ் வார்த்தை எப்போதோ போய் உட்கார்ந்துவிட்டது. வெட்டிவேர். 1957-ல் கார்வென் கம்பெனி விட்ட சென்ட்டின் பெயரே 'வெத்திவேர்'தான். கெர்லான், ஜிவான்ஷி எல்லாரும் அடுத்தடுத்து அதே பெயரில் விட்டார்கள். அந்த பாட்டில்களைத் திறந்தால் வேர் மணக்கும், ஈர மண் ஒட்டின வேர். பெயர் மட்டும் போகவில்லை, சரக்கும் சேர்ந்து போனது.)

இரண்டாவது காரணம் சந்தனம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நல்ல சந்தனத்தைக் கல்லில் இழைத்து முகர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சந்தனத்திலேயே பால் இருக்கிறது. கட்டையின் காரம் ஒரு பக்கம், வெண்ணெய் மாதிரி ஒரு வழவழப்பு இன்னொரு பக்கம். அதோடு லேசாக வியர்வை வாடையும் உண்டு, மனுஷ உடம்பின் கதகதப்பு. கோயிலில் சாமிக்கும் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து பூச முடிந்தது அதனால்தான். ஏற்கெனவே பால் உள்ள சந்தனத்தில் இன்னொரு செம்பு பால் ஊற்றினால் கட்டை முழுகிவிடும். பிராடாவில் நடந்திருப்பது அதுதான். ரெண்டு மணி நேரம் கழித்து, பாலெல்லாம் வற்றின பிறகு, சந்தனம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. மெலிசாக, சுத்தமாக, துவைத்து இஸ்திரி போட்ட சந்தனம். என் மூக்குக்கு அது காட்டில் வளர்ந்த மரமாகத் தெரியவில்லை, ஆய்வுக்கூடத்துச் சரக்காகத்தான் தெரிந்தது. கூடவே வெள்ளைக் கஸ்தூரி என்று சொல்கிறார்களே, சலவை சோப்பு வாடை, அது.

இதையும் ஒரு கிளாசிக்கோடு வைத்துப் பார்ப்போம். 1989-ல் ஜான் போல் கெர்லான் செய்த 'சம்சாரா'. சமஸ்கிருத அர்த்தத்தில் பிறவிச் சுழற்சி என்று நினைத்து வைத்த பெயர். திருநெல்வேலியில் யாராவது கடையில் போய் 'ஒரு சம்சாரம் கொடுங்க' என்றால் என்ன ஆகும் என்று பாரிஸில் யாரும் யோசிக்கவில்லை. அதில் மைசூர் சந்தன எண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்றினார்கள். மேலே மல்லிகை. செயற்கைச் சந்தனமும் கலந்துதான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தொண்ணூறுகளில் வாங்கின பாட்டில் ஒன்று நண்பர் வீட்டு பீரோவில் இருக்கிறது. இப்போதும் மூடியைத் திறந்தால் அறை நிறைகிறது. பேரைப் போலவே கொஞ்சம் அதிகாரம் பண்ணும் வாசனை. லிஃப்டில் அடித்துக்கொண்டு ஏறினால் பக்கத்திலிருப்பவர் அடுத்த மாடியில் இறங்கிவிடுவார். ஆனால் அது யார், எந்த ஊர் என்று சந்தேகமே வராது.

அதே சம்சாராவை இன்று புதிதாக வாங்கினால் அந்தச் சந்தனம் கிடைக்காது. தப்பு கம்பெனி மேல் மட்டும் இல்லை. சந்தன மரம் தானாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியாத மரம். பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகிப் பாதிச் சாப்பாடு வாங்கிக்கொள்ளும். வைரம் பாய்ந்தால்தான் மணம், வைரம் பாயப் பதினைந்து இருபது வருஷம் ஆகும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து மைசூரில் அது அரசாங்கச் சொத்து. தமிழ்நாட்டிலும் நம் தோட்டத்தில் முளைத்தாலும் நமக்குச் சொந்தமில்லை என்று வெகுநாள் சட்டம் இருந்தது. முளைத்தால் வம்பு என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. நட்டவருக்குத்தான் சொந்தம் என்று சட்டம் மாறியது 2000-க்கு அப்புறம். அதற்குள் காட்டில் வெட்ட வேண்டியதை எல்லாம் வெட்டியாகிவிட்டது. 1998-லேயே அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டு சென்ட்காரர்கள் ஆஸ்திரேலியாவில் தோட்டம் போட்ட சந்தனத்துக்கும், ஆய்வுக்கூடச் சந்தனத்துக்கும் போய்விட்டார்கள்.

ஆக, 2025-ல் 'சந்தால்' என்று லேபிளில் எழுதும்போது அது ஒரு ஞாபகத்தின் பெயர். அசலை முகர்ந்த மூக்குகள் குறையக் குறைய, நகல் எவ்வளவு நல்ல நகல் என்று சொல்லவும் ஆள் இல்லாமல் போகும். பிராடா அந்த இடைவெளியில்தான் கடை விரித்திருக்கிறது.

நாம் மட்டும் யோக்கியமா? அந்தத் தை மாசக் கல்யாணத்தில் ரிசப்ஷன் மேஜையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. கல்கண்டு, ரோஜாப்பூ, பன்னீர்ச் செம்பு, எல்லாம் முறைப்படி. சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், டிராஃபிக் சிக்னல் தோற்றுவிடும். இழைத்த சந்தனம் இந்த நிறத்தில் இருக்கவே இருக்காது. வெளிறின மரத்தூள் நிறம்தான். ஏதோ மாவு, கலர், சென்ட் எசன்ஸ். பன்னீர்ச் செம்பில் ரோஜா எசன்ஸ் தண்ணீர். அன்று மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் இனி வாழ்நாள் பூரா சந்தனம் என்றால் இந்த வாசனை என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அவர்களிடம் 17,000 ரூபாய் பாட்டிலைக் கொடுத்தால், 'ஆஹா, சந்தனம்!' என்பார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? மண்டபத்துச் சந்தனத்துக்கு பிராடா நிஜமாகவே எவ்வளவோ மேல்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் நாற்றம் பிடித்தது. மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

மல்லிகை, பிச்சி இரண்டிலும் இண்டோல் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அதே இண்டோல் மனுஷ மலத்திலும் இருக்கிறது. உவ்வே என்று சொல்லாதீர்கள். மல்லிகையிலிருந்து அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது மல்லிகை ஊதுபத்தி. சாயங்காலம் கட்டின பிச்சிச் சரத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுத்து, விடியக்காலம் விழித்துப் பாருங்கள். பூ ஓரம் பழுப்பேறியிருக்கும். வாசனையில் ஒரு கனம், ஒரு போதை, ஒரு அழுகல் எல்லாம் சேர்ந்திருக்கும். அந்த அழுகல்தான் பூவுக்கு உயிர். நம் முன்னோர்கள் இதைக் கெமிஸ்ட்ரி படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். பழைய தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்றைக்கு அதே வார்த்தை சாக்கடைக்கு. ஒரே வார்த்தை இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது.

பழைய பிரெஞ்சு சென்ட்காரர்களும் இந்த ரகசியம் தெரிந்தவர்கள். 1921-ல் எர்னஸ்ட் போ செய்த ஷனேல் நம்பர் 5-ல் மல்லிகையும் ரோஜாவும் மட்டும் இல்லை, புனுகும் இருந்தது. ஆமாம், திருப்பதி பெருமாளுக்குச் சாத்துகிற அதே புனுகு. பூனையின் வாலடியில் இருந்து வழித்து எடுக்கிற சமாசாரம். தனியாக முகர்ந்தால் குமட்டும். ஒரு துளியை நீர்க்கச் செய்து பூவோடு சேர்த்தால் பூவுக்கு உடம்பு வந்துவிடும். 1990-களின் கடைசியில் நிஜப் புனுகை நிறுத்திவிட்டார்கள். பூனைக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கூண்டில் அடைத்து அதை எடுக்கும் விதம் பார்க்கச் சகிக்காது. ஆனால் புனுகின் இடத்தில் வேறு ஏதாவது அழுக்கைச் செயற்கையாகவாவது வைக்கலாம். இப்போது வரும் சென்ட்டுகள் அதையும் வைப்பதில்லை. குளித்துவிட்டு வந்த ஆளை மறுபடி குளிப்பாட்டுகின்றன.

சிலப்பதிகாரத்தில் மாதவியின் கூந்தலுக்குப் பத்து துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை என்று ஒரு ஃபார்முலா வருகிறது. ஆரம்பமே துவர்தான் என்பதைக் கவனியுங்கள். முதலில் துவர்ப்பு, பிறகுதான் வாசனை. பிராடாவுக்கு யாராவது சொல்லலாம்.

கிளாசிக் என்றால் எல்லாமே கனமாக, அழுக்காக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்த கிளாசிக் மிக மிக லேசானது. டியோரின் 'ஓ சவாஜ்', 1966. செய்தவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா. (2015-ல் வந்த, ஜானி டெப் கிதார் வைத்துக்கொண்டு பாலைவனத்தில் குழி தோண்டும் 'சவாஜ்' வேறு. பெயரில் பாதி ஒற்றுமை, வாசனையில் கால்வாசி கிடையாது. இன்று நீங்கள் சென்னையில் எந்த மாலில் நுழைந்தாலும் பத்துக்கு மூணு சட்டையிலிருந்து வருவது அதுதான்.) ஓ சவாஜில் மேலே எலுமிச்சை. நடுவில் ஹெடியோன், எலனா டீக்குப் பயன்படுத்தினாரே, அந்த மல்லிகை ரசாயனம், அதை முதன்முதலில் ஜோராகப் பயன்படுத்திய சென்ட் இதுதான். மல்லிகையைக் கையில் எடுக்காமல், மல்லிகைத் தோட்டத்தைக் கடந்து வரும் காற்றை மட்டும் எடுத்த மாதிரி. அடியில் வெட்டிவேர், மரப்பாசி.

எலுமிச்சை, மல்லி, வெட்டிவேர். சாரல் விட்ட ஒரு ஆடி மாசக் காலையில் கடையத்தில் எலுமிச்சை மூட்டைகள் இறங்கும் இடத்திலிருந்து பூக்கடை வழியாக நாட்டு மருந்துக்கடை வரைக்கும் நடந்தால், ருட்னிட்ஸ்கா கணக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அவர் கடையத்தைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. அவர் எலுமிச்சை வேறு சாதி, நம்முடையது தோல் மெலிசான, கண்ணில் பட்டால் எரியும் ரகம். ஆனாலும் ஒரு நல்ல சென்ட் உலகத்தில் எங்கே எடுத்துக்கொண்டு போனாலும் அந்த ஊரில் தனக்குச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பிராடாவுக்கு அன்று முழுக்க கடையத்தில் கிடைத்த ஒரே சொந்தக்காரர் பாயச அண்டா.

இந்த எலுமிச்சைச் சமாசாரம் நம் வீடுகளுக்குப் புதிதும் இல்லை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவார்களே, ஓடிகோலன், ஞாபகம் இருக்கிறதா? அது கொலோன் நகரத்து ஃபரினா என்கிற இத்தாலியர் 1709 வாக்கில் ஆரம்பித்த வைத்த சரக்கு. ராஜாக்கள் பூசிக்கொண்டது. நம் ஊரில் மருந்தாகிவிட்டது. என் தலைமுறையில் பலருக்கு உலகத்தின் மிகப் பழைய லக்ஷுரி சென்ட் என்றால் 102 டிகிரி ஜுரமும் ரசம் சாதமும்தான்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கிளாசிக்குகளைப் புகழும்போது நாம் புகழ்வது எதை என்பதே சிக்கல். ஓ சவாஜில் இருந்த மரப்பாசி சிலருக்குத் தோலில் அலர்ஜி தருகிறது என்று கட்டுப்பாடு வந்தது. அளவைக் குறைத்து, ஃபார்முலாவை மாற்றினார்கள். ஷனேலில் புனுகு போச்சு. சம்சாராவில் மைசூர் போச்சு. பாட்டில் அதேதான், பேர் அதேதான். சிவாஜி படத்துக்கு வேறு ஆளை வைத்து டப்பிங் பேசிய மாதிரி. அசல் ஃபார்முலாக்களைச் செய்து பாதுகாப்பதற்காகவே வெர்சாயில் 1990-ல் ஒஸ்மோதெக் என்று ஒரு நிலையம் தொடங்கினார்கள். இருட்டில், 12 டிகிரி குளிரில், ஆர்கான் வாயு நிரப்பி, செத்துப்போன சென்ட்டுகளை எல்லாம் வைத்திருக்கிறார்கள். போனால் காகிதத் துண்டில் தொட்டு முகரக் கொடுப்பார்கள்.

நமக்கு அந்த வசதி இல்லை, ஆனால் அவ்வளவு செலவும் இல்லை. மல்லிகைக்கும் பிச்சிக்கும் அசல் நம் தெருமுனையில் முழம் போட்டு விற்கிறது. தை மாசம் விலை கிலோ ஆயிரங்களில் ஏறும், பிறகு நூறுகளில் விழும். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று செடியிலேயே விடுகிற நாட்களும் உண்டு. அதே பூ மதுரைப் பக்கத்து ஆலைகளில் சாறாகி பிரான்ஸுக்குப் போய், பாட்டிலுக்குள் நுழைந்த பிறகு அதன் விலை விழுவதே இல்லை. சந்தனத்துக்கு என் சிபாரிசு கொஞ்சம் அற்பமானது. மைசூர் சாண்டல் சோப். நூறு வருஷத்துக்கு மேலாகக் கர்நாடக அரசாங்கம் செய்வது, நிஜச் சந்தன எண்ணெய் சேர்ப்பதாகச் சொல்வது. கடையத்தில் மளிகைக் கடையில் கிடைத்தது. பாயசம் வற்றின மணிக்கட்டில் பிராடா, இன்னொரு கையில் சோப் போட்டுக் கழுவின ஈரம். ரெண்டையும் மாறி மாறி முகர்ந்தேன். சோப்பில் மரம் இருந்தது. கொஞ்சம் முரட்டுத்தனம், கொஞ்சம் பழைய காலத்து மாமனார் வாடை, ஆனால் மரம்.

பிராடா மோசமான சென்ட்டா? இல்லை. குளுகுளு ஆபீஸில் எட்டு மணி நேரம் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் உட்கார வைக்கும். மரியாதையான வாசனை. பாயசம் எனக்கும் பிடிக்கும். ஆனால் சந்தனம் என்றும் டீ என்றும் இரண்டு பெரிய பெயர்களை லேபிளில் போட்டுவிட்டு இரண்டையும் பாலில் கரைத்துவிட்டார்கள். 17,000 கொடுத்தால் துவர்ப்பும் சேர்த்துத் தர வேண்டும்.

இதற்கு மேலும் வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. கடையில் காகிதத்தில் அடித்துக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காகிதத்துக்கு வியர்க்காது. கையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். வெயிலில் ஒரு நடை, ஒரு பஸ் பிரயாணம், முடிந்தால் ஒரு டீ. மூணு மணி நேரம் கழித்து முகருங்கள். நாலைந்து சென்ட் முகர்ந்து மூக்கு மரத்துப்போனால், கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் காபிக் கொட்டையை நீட்டுவார். அது வெறும் சடங்கு. காபி இன்னொரு கனமான வாசனை, அவ்வளவுதான். அதற்குப் பதில் எதுவும் அடிக்காத உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்து பாருங்கள்.